பன்னிரண்டு அடித்தபின் ஒரு துண்டு கேக்

இப்போதெல்லாம் நன்மை வாங்குவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பு சாப்பிட்டு முடித்தால் போதும். நன்மை என்று கத்தோலிக்கரான நாங்கள் சொல்வது பூசையில் சுவாமி, அதாவது குருவானவர், நாவில் வைக்கும் அப்பத்தை. தண்ணீருக்குத் தடையே இல்லை. போன ஞாயிறு ஒருவர் கோயில் வாசலில் நின்று பணிஸ் தின்று முடித்து, சட்டையில் விழுந்த துகளைத் தட்டிவிட்டு உள்ளே வந்து எனக்கு முன்னால் கிடந்த வாங்கில் அமர்ந்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். கடைசிக் கடிக்கும் நன்மைக்கும் இடையே ஐம்பத்திரண்டு நிமிடம். எட்டு நிமிடம் குறைவு. அன்று பூசை முழுவதும் அந்த எட்டு நிமிடம் என்னை விடவில்லை. எண்பத்திரண்டு வயதில் இப்படி இருக்கக் கூடாது என்று தெரியும். இருக்கிறேன்.

நாங்கள் வளர்ந்த காலத்தில் சட்டம் வேறு. நன்மை வாங்கப் போகிறவர் நடுச்சாமம் பன்னிரண்டிலிருந்து எதையும் விழுங்கக் கூடாது. சோறு கூடாது, பால் கூடாது, பச்சைத் தண்ணீரும் கூடாது. இதில் ஒரு நுட்பம் உண்டு. பன்னிரண்டுக்குப் பிறகு சாப்பிடுவது பாவமே இல்லை. சாப்பிட்டவர் அன்று நன்மை வாங்காமல் இருந்துவிட்டால் விஷயம் முடிந்தது. சாப்பிட்டுவிட்டு வாங்கினால்தான் சாவான பாவம். புத்தகத்தில் இவ்வளவு எளிது. கோயிலில் எளிதாக இருக்கவில்லை. எல்லோரும் எழுந்து பலிபீடத்துக்கு முன்னுள்ள தடுப்பான கிராதிக்குப் போகும்போது ஒருவர் வாங்கில் இருந்துவிட்டால், அவர் தண்ணீர் குடித்திருப்பார் என்று யாரும் நினைப்பதில்லை. என்ன பாவம் செய்தாரோ என்றுதான் நினைப்பார்கள்.

நான் கொழும்பில் கொட்டாஞ்சேனையில் பிறந்தவன். துறைமுகப் பண்டகசாலை ஒன்றில் எழுதுவினைஞனாக இருந்தேன். இறங்கும் பெட்டிகளையும் ஏறும் பெட்டிகளையும் எண்ணுவது என் வேலை. எண்ணும் பழக்கம் வேலையால் வந்ததா, பழக்கத்தால் வேலை வந்ததா என்று தெரியாது. கோயில் படிகள் எத்தனை, பிரசங்கம் எத்தனை நிமிடம், ஒரு வருடத்தில் இறைச்சி கூடாத நாட்கள் எத்தனை எல்லாம் மனதில் இருக்கும். எனக்குப் பத்தொன்பது வயதில் அப்பா இறந்தார். பிறகு வீட்டில் அம்மா, நான், என்னைவிட ஆறு வயது இளைய தங்கை.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் தனியாக இருந்தார். மாதத்துக்கு ஒரு ஞாயிறு அவரிடம் பகல் சாப்பாட்டுக்குப் போவேன். அவர் பூசைக்குப் போவதை நிறுத்திப் பதினொரு வருடம் ஆகியிருந்தது. காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். மாமியும் முதற் பிள்ளையும் பிரசவத்தில் ஒரே நாளில் இறந்தார்கள். பிள்ளையின் தலையில் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்ற முன்பே உயிர் போய்விட்டது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளையை மந்திரித்த மண்ணில் அடக்கம் செய்ய அப்போதைய சட்டம் விடாது. பொரளைக் கனத்தை மயானத்தில் மாமி ஓரிடத்தில், பிள்ளை வேலியோரத்தில். இரண்டு குழிகளுக்கும் இடையே முப்பத்தாறு காலடி. நான் நடந்து பார்த்திருக்கிறேன்.

ஆனால் மாமா கடவுளை விட்டவர் அல்ல. சாப்பிட முன் சிலுவை போடுவார். இரவில் முழங்காலில் நிற்பார். சட்டம் மட்டும் வேண்டாம் என்பார்.

"கடவுளோட எனக்கு ஒரு கோவமும் இல்லையடா. அவற்ற கிளாக்கர்மாரோடதான் கோவம். உன்னை மாதிரி ஆக்கள்."

"சட்டம் இல்லாட்டி விசுவாசம் நிக்காது மாமா. வாளி இல்லாமத் தண்ணி கொண்டுவர ஏலுமா?"

அவர் சன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். ரயில் பாதைக்கு அப்பால் கடல் தெரிந்தது. "அதுக்கு எந்த வாளி?"

எனக்குப் பதில் திரும்பும் ரயில் பம்பலப்பிட்டியைத் தாண்டும்போதுதான் வந்தது. அடுத்த மாதம் போய்ச் செருப்பைக் கழற்ற முன்பே, "கடல் தண்ணியைக் குடிக்க ஏலாது மாமா" என்றேன். அவர் சிரித்துச் சிரித்து இருமினார். "ஒரு மாசமா இதையா யோசிச்சனீ?"

இது எங்களுக்குள் ஒரு விளையாட்டுப்போல நடந்துகொண்டிருந்தது. தங்கையின் கலியாணத்தன்று அது விளையாட்டாக இருக்கவில்லை.

அது இரண்டாம் உலக யுத்த காலம். அரசாங்கம் மணிக்கூடுகளை முதலில் அரை மணித்தியாலமும் பிறகு இன்னோர் அரை மணித்தியாலமும் முன்னே தள்ளி வைத்திருந்தது. ஆட்கள் நேரம் சொல்லும்போது "புது நேரமா, பழைய நேரமா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. வேலைக்கு, ரயிலுக்கு, பூசைக்கு எல்லாம் புது நேரம். கோழிக்கும் மாட்டுக்கும் பழைய நேரம் என்று ஆட்கள் பகிடி விடுவார்கள்.

மாப்பிள்ளை எங்கள் கோயில் பள்ளிக்கூடத்து ஆசிரியர், கொட்டாஞ்சேனைக்காரர்தான். அமைதியானவர். அவருடைய தாய் அமைதியானவர் அல்ல. கோயிலில் மாதா சபைத் தலைவி. பெண் பார்க்க வந்த அன்று என் அம்மாவின் முன்னால், "தகப்பன் இல்லாத பிள்ளை. எண்டாலும் ஒழுங்கா வளர்ந்திருக்கெண்டு கேள்விப்பட்டம்" என்று சொன்னவர். கலியாணப் பூசையில் மாப்பிள்ளையும் பெண்ணும் எல்லோருக்கும் முதலில் நன்மை வாங்குவார்கள். பலிபீடத்துக்கு முன்னால், கோயில் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க. அதில் பெண் வாங்காமல் இருந்தால் அந்தத் தாய் என்ன நினைப்பார், கொட்டாஞ்சேனை என்ன நினைக்கும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. விரல் விட்டு மாதங்களை எண்ணத் தொடங்குவார்கள்.

சீனியும் மாவும் கூப்பனுக்கு வந்த நேரத்தில் கலியாணக் கேக் செய்வது லேசான காரியம் அல்ல. பதினொரு வீட்டார் தங்கள் சீனியில் மிச்சம் பிடித்துத் தந்தார்கள். கேக்கைத் துண்டு துண்டாக வெட்டி, மெழுகுக் கடதாசியில் சுற்றி, வெள்ளி நூல் கட்டி, வருகிற ஒவ்வொருவருக்கும் ஒன்று கொடுத்தனுப்புவது எங்கள் பழக்கம். கலியாணத்துக்கு முதல்நாள் இரவு வீட்டுப் பெண்கள் கூடியிருந்து சுற்றுவார்கள். வெட்டியவுடன் நான் எண்ணினேன். இருநூற்று நாற்பது. வருகிறவர்கள் இருநூற்றிருபது. பத்து மணிக்குப் படுக்கப் போனேன்.

காலை ஐந்து மணிக்கு எழுந்து கூடைகளில் இருந்த பொட்டலங்களை எண்ணினேன். இருநூற்று முப்பத்தொன்பது. மூன்று முறை எண்ணினேன். மாமா முதல்நாளே வந்து கூடத்தில் கூடைகளுக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார்.

"மாமா, கேக் ஒண்டு குறையுது."

கண்ணைத் திறக்காமல், "எனக்குச் சீனி வருத்தம்" என்றார்.

"சீனி வருத்தக்காரர்தான் களவாத் தின்னுறவை."

"அப்ப பொலிசைக் கூப்பிடு. வாயைத் திறந்து காட்டுறன்."

அறை வாசலில் தங்கை நின்றாள். தலை வாரவில்லை. "நான் சாப்பிட்டனான் அண்ணா" என்றாள்.

நான் கேட்ட முதற் கேள்வி ஏன் என்பதல்ல. "எத்தினை மணிக்கு?"

"பன்னிரண்டு அடிச்சாப் பிறகு. பன்னிரண்டே கால் இருக்கும். அம்மா அப்பிடியே நித்திரையாப் போயிட்டா. பக்கத்து வீட்டு ஆக்கள் போயிட்டினம். நான் மிச்சத்தைக் கட்டிக்கொண்டு இருந்தனான். காலையிலயிருந்து ஒண்டும் இறங்கேல்லை அண்ணா, பயத்தில. பசிச்சுது. சாப்பிட்டன்."

"மறந்துபோய்ச் சாப்பிட்டனீயா?"

"இல்லை. மணி அடிச்சது கேட்டது. கேட்டுப்போட்டுத்தான் சாப்பிட்டனான்."

பூசை எட்டரைக்கு. அம்மா பின்கட்டில் சமையற்காரருடன் இருந்தார். அவருக்குத் தெரியக் கூடாது என்று மூன்று பேருமே சொல்லாமல் ஒத்துக்கொண்டோம். மாமா எழுந்து கட்டிலில் உட்கார்ந்தார். "இதில என்ன கிடக்கு? போய் நன்மையை வாங்கு பிள்ளை. பசிச்ச பிள்ளை ஒரு துண்டு கேக் திண்டதுக்குக் கடவுள் கணக்கு வைச்சிருக்கிறாரெண்டா, அவர் கடவுள் இல்லை, உன்ர அண்ணன்."

நான் சட்டையை மாட்டிக்கொண்டு சுவாமியிடம் போனேன். வீட்டிலிருந்து சுவாமியின் வீட்டுக்கு அறுநூற்று நாற்பது காலடி. அன்று எண்ணவில்லை.

எங்கள் சுவாமி பிரெஞ்சுக்காரர். இருபது வருடத்துக்கு மேலாகத் தமிழ் பேசியவர், ஆனால் புத்தகத்தில் படித்த தமிழ். அவரும் பூசைக்காகப் பட்டினி. நான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். பன்னிரண்டு அடித்தது, பன்னிரண்டே கால், ஒரு துண்டு, இரண்டு அங்குலத்துக்கு ஒரு அங்குலம்.

"உன் தங்கை பசியோடு இருந்தாளா?"

"ஓம் சுவாமி."

"அதை நீ முதலில் சொல்லியிருக்க வேண்டும்." பிறகு கேட்டார். "பன்னிரண்டு அடித்தது எந்த மணிக்கூடு? புது நேரமா, பழைய நேரமா?"

"புது நேரம் சுவாமி."

அவர் அலுமாரியிலிருந்து தடித்த லத்தீன் புத்தகம் ஒன்றை எடுத்து, பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்தார். நன்மைக்கு முந்திய பட்டினிக்கு அரசாங்கம் மாற்றிய நேரத்தையும் எடுக்கலாம், பழைய நேரத்தையும் எடுக்கலாம், அந்தந்த ஊரின் சூரிய நேரத்தைக்கூட எடுக்கலாம் என்று சட்டமே சொல்கிறது என்றார். பழைய நேரத்தில் தங்கை சாப்பிட்டது பதினொன்றே கால். கொழும்பின் சூரிய நேரத்தில் இன்னும் பத்து நிமிடம் குறைவு.

"ஆகையால் அவள் நன்மை வாங்கலாம். போய்ச் சொல். எனக்கு இன்னும் கோப்பி இல்லை, நீயும் என்னைப் பேச வைக்கிறாய்."

சந்தோஷத்தில் அவர் கையை முத்தமிட்டுவிட்டு வெளியே வந்தேன். கேற்றடிக்கு வரும்போதே வேறொன்று குடைந்தது. நேரம் இரண்டாம் முறை மாறியதிலிருந்து அறுபத்தெட்டு ஞாயிறு நான் புது நேரத்தின்படி பட்டினி இருந்திருக்கிறேன். பழைய நேரத்தை எடுத்திருந்தால் ஞாயிற்றுக்கு ஒரு மணித்தியாலம் குறைந்திருக்கும். தேவையில்லாமல் அறுபத்தெட்டு மணித்தியாலம். இது யாரும் எனக்குச் சொல்லாத சட்டம். இப்படி ஒரு கதவு இருந்தால் அந்தச் சட்டத்துக்கு என்ன மதிப்பு என்று ஒரு கணம் மாமாவைப்போல நினைத்தேன். உடனே, கதவு இருந்தபடியால்தானே தங்கை தப்பினாள் என்று நினைத்தேன். இரண்டையும் நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

தங்கைக்குச் சேலை கட்டி முடிந்திருந்தது. உடுத்திவிட்ட பெண்களை ஏதோ சாட்டுச் சொல்லி வெளியே அனுப்பினேன். மாமா வாசலில் நின்றுகொண்டார். நான் புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். பதினொன்றே கால் என்றேன். சூரிய நேரத்தையும் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "கலியாணக் கார்ட்டில என்ன நேரம் அடிச்சனீங்க அண்ணா?"

"எட்டரை."

"புது நேரமோ, பழைய நேரமோ?"

"புது நேரம்."

"கலியாணம் புது நேரம், கேக் மட்டும் பழைய நேரமோ?"

மாமா சிரித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. "விளையாடாத. சுவாமியே சொல்லிப்போட்டார். சட்டத்தில இருக்கு."

"இருக்கட்டும். சட்டத்தில பிழை இல்லைத்தான். ஆனா எனக்கு ராத்திரி பழைய நேரம் ஞாபகம் வரேல்லையே. பன்னிரண்டு அடிச்சுது. இனிச் சாப்பிட்டா நாளைக்கு நன்மை இல்லையெண்டு தெரியும். தெரிஞ்சுகொண்டு, போனாப் போகட்டுமெண்டு கையை நீட்டினனான். அந்த நேரத்தில எனக்கு நன்மையைவிட கேக் பெரிசாத் தெரிஞ்சுது. அதை எந்த மணிக்கூட்டில திருப்பி வைக்கிறது?"

"அது பாவமில்லை."

"பாவமெண்டு நான் சொல்லேல்லை. இண்டைக்கு வாங்கேல்லை, அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு வாங்குவன்."

"உன்ர மாமியார் என்ன நினைப்பா? சனம் என்ன நினைக்கும்?"

"மாமியாருக்குப் பயந்து வாயைத் திறந்தா அதுவும் கேக்தான் அண்ணா."

மாமா உள்ளே வந்தார். அவருக்கும் இது பிடிக்கவில்லை. அவர் எதிர்பார்த்தது வேறு. "பிள்ளை, உனக்குச் சட்டம் விட்டிட்டுது. கடவுள் எப்பவோ விட்டிட்டார். பிறகு நீ ஆர் பிடிச்சு வைக்க?"

"மாமா, நீங்கள் ஒவ்வொரு மாசமும் முதல் வெள்ளி பொரளைக்குப் போறீங்கள். மழையெண்டாலும் போறீங்கள். போகச் சொல்லி ஆரும் சொன்னவையோ?"

"இல்லை."

"ஒரு மாசம் போகாம விட்டா என்ன?"

மாமா கையிலிருந்த தன் தொப்பியைத் திருப்பி, அதில் இல்லாத தூசியைத் தட்டினார். அம்மா வந்து கார் நிற்கிறது என்றார்.

அன்று காரில் போகும்போது நான் யோசித்ததை இங்கே எழுதத்தான் வேண்டும். அதுவரை நான் சட்டக்காரன், மாமா சட்டம் வேண்டாதவர். அந்தக் காலை நாங்கள் இருவரும் ஒரே பக்கத்தில் நின்று, வாங்கு வாங்கு என்று அவளைத் தள்ளிக்கொண்டிருந்தோம். என் காரணம் சனம். அவர் காரணம் அவருடைய பழைய கோபம். கடவுளைப் பற்றிக் கதைத்தவள் அவள் மட்டும். அவளும் கடவுள் என்ற சொல்லைச் சொல்லவில்லை.

அப்பா இல்லாதபடியால் நான்தான் கையைப் பிடித்து அவளைக் கூட்டிப் போனேன். வாசலிலிருந்து கிராதிவரை நூற்றுப்பன்னிரண்டு காலடி. மாப்பிள்ளையின் தாய் இடப்பக்கம் முதல் வாங்கில் இருந்தார், கையில் செபமாலை. நான் அம்மாவுக்குப் பக்கத்தில் வலப்பக்கம் இருந்தேன். மாமா பதினொரு வருடத்துக்குப் பிறகு கோயிலுக்குள் வந்து, கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றார்.

சுவாமி அப்பத்தோடு படியிறங்கி முதலில் தங்கையிடம் வந்தார். வாங்குவாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். நான் போய் மறுப்பைச் சொல்ல நேரம் இருக்கவில்லை. நேரம் இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியாது. கடைசி நொடியில் மனம் மாறுவாள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெள்ளை முக்காடு முகத்தை மறைத்தது. சுவாமி நின்றார். நான் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினேன். ஐந்தில் அவர் மாப்பிள்ளைப் பக்கம் நகர்ந்தார்.

மாப்பிள்ளை கண்ணை மூடி வாயைத் திறந்துகொண்டுதான் இருந்தார். சுவாமி தாமதித்தபடியால் கண்ணைத் திறந்து பக்கத்தில் பார்த்தார். குனிந்திருந்த தலையைக் கண்டார். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. அவர் வாயை மூடி, தானும் தலையைக் குனிந்துகொண்டார்.

கோயிலில் ஒரு அசைவு ஓடியது. வாங்குகள் கிரீச்சிட்டன. சுவாமி முகத்தில் எதையும் காட்டாமல் கிராதிக்கு வந்தார். மற்றவர்கள் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். புது நேரத்தின்படியும் பழைய நேரத்தின்படியும் நான் சுத்தமாக இருந்தேன். இரவு ஒன்பதிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. முழங்காலில் நின்று வாங்கினேன். நன்மை நாவில் கரைந்துகொண்டிருந்தபோது நான் செய்தது, யார் யார் மாப்பிள்ளையின் தாயைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று எண்ணியது. பதினேழு பேர். ஒரு வார்த்தை செபம் வரவில்லை. அன்று கிராதிக்கு வந்தவர்கள் முப்பத்தொருவர். அதில் என்னைவிட மோசமாக வாங்கியவர் இருந்திருக்க மாட்டார்.

பூசை முடிந்து பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வைக்கப் பலிபீடத்துக்குப் பின்னால் உள்ள அறைக்குப் போனோம். மாப்பிள்ளை, தங்கை, நான், சுவாமி. கதவு முழுதாகத் திறக்க முன்பே மாப்பிள்ளையின் தாய் உள்ளே வந்துவிட்டார். மகனைப் பார்க்கவில்லை. தங்கையைத்தான் பார்த்தார்.

"என்ன நடந்தது?"

தங்கை வாயைத் திறந்தாள். அவள் உண்மையைத்தான் சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். அந்த உண்மையை அந்தத் தாய் நம்ப மாட்டார் என்றும் தெரியும். ஒரு துண்டு கேக்காம் என்று கொட்டாஞ்சேனை முழுவதும் சிரிக்கும்.

அதற்குள் மாப்பிள்ளை சொன்னார். "என்ர பிழை அம்மா. விடியப்புறம் எழும்பி ஞாபகமில்லாமத் தண்ணி குடிச்சிட்டன். பூசை தொடங்க முதல் இவவிட்டச் சொன்னனான். நீங்க வாங்காட்டி நானும் வாங்கேல்லையெண்டு நிண்டிட்டா."

"தண்ணியோ? கலியாணத்தண்டோ?" அவர் மகன் பக்கம் திரும்பினார். "முப்பது வயசு! பள்ளிக்கூடத்தில பிள்ளையளுக்கு ஞானோபதேசம் படிப்பிக்கிற ஆள்! உனக்கு மூளை எண்டு ஒண்டு இருக்கோ? கட்டிலடியில குடத்தை வைக்காதையெண்டு எத்தினை தரம் சொன்னனான்!"

"ஓம் அம்மா."

"ஓம் அம்மாவாம்!" பிறகு தங்கையின் கன்னத்தைத் தொட்டார். அதுவரை அவர் அவளைத் தொட்டதை நான் கண்டதில்லை. "இந்த மடையனுக்காக நீ ஏன் பிள்ளை விட்டனீ? நீயாவது வாங்கியிருக்கலாமே."

தங்கை மாப்பிள்ளையைப் பார்த்தாள். சுவாமிக்கு எல்லாம் தெரியும். தனக்கு முன்னால் ஒரு பொய் சொல்லப்படுகிறது என்பதும் தெரியும். அவர் பேனையை மையில் தோய்த்து, "இங்கே ஒரு கையெழுத்து" என்று மாப்பிள்ளையிடம் நீட்டினார். மாப்பிள்ளை பேனையை வாங்கும்போது ஒரு துளி மை புத்தகத்தில் விழுந்தது.

கார் ஏறும்போது தங்கை அவருக்குக் கேக் விஷயத்தைச் சொன்னதாகப் பிறகு அறிந்தேன். அவர் கேட்டது ஒன்றுதானாம். "நல்லா இருந்துதோ?"

பொய் வேலை செய்தது. ஆனாலும் எண்ணியவர்கள் எண்ணினார்கள். தங்கையின் மூத்த பிள்ளை கலியாணம் முடிந்து பதினான்காம் மாதம் பிறந்தது. எல்லாம் தெரிந்த நானும் எண்ணினேன். யாராவது கேட்டால் சொல்ல வேண்டுமே என்று. யாரும் கேட்கவில்லை.

மாமா அதற்குப் பிறகும் பூசைக்குத் திரும்பவில்லை. நானும் அவரும் வெள்ளவத்தையில் சட்டத்தைப் பற்றித் தொடர்ந்து சண்டை பிடித்தோம். ஆனால் அந்தக் கலியாணத்தை இருவருமே உதாரணமாக எடுக்கவில்லை. அது யாருக்குச் சாட்சி சொல்லும் என்று இருவருக்கும் நிச்சயமில்லை. தங்கை பழைய நேரத்தைத் தள்ளினாள் என்றால் அது என் பக்கம். சட்டமே விட்டதை அவள் விடவில்லை என்றால் அது எந்தப் பக்கம்? எனக்கு மச்சானாகிவிட்ட மாப்பிள்ளை செய்தது இன்னும் சிக்கல். மனைவிக்கு என்ன காரணம் என்று தெரியாமலே, தான் வாங்கக்கூடிய நன்மையை விட்டார். பிறகு பலிபீடத்துக்குப் பதினைந்து அடி தூரத்தில் நின்று, தாய்க்கு முன்னால், சுவாமிக்கு முன்னால் பொய் சொன்னார். கடவுளின் பத்துக் கற்பனைகளில், பொய் சொல்லாதே என்ற எட்டாவதை அவர் மீறினார். நான் அன்று ஒன்றையும் மீறவில்லை.

இந்தக் கணக்கு எனக்குச் சரிவராமல் இருந்தது. மூன்று வருடம் பொறுத்துவிட்டு, ஒரு நாள் அவர் வீட்டு முன்றிலில் வைத்துக் கேட்டுவிட்டேன்.

"மச்சான், கோவிக்கக் கூடாது. அந்தப் பொய்யைச் சுவாமியிட்டப் பாவசங்கீர்த்தனத்தில சொன்னீங்களோ?"

"இல்லை."

"ஏன்?"

"மனஸ்தாபம் வேணுமே மச்சான். நானே பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறன். செய்ததுக்கு மனம் நொந்து, இனிச் செய்யமாட்டனெண்டு தீர்மானம் வேணும். எனக்கு அது ரெண்டும் வருகுதில்லை. வராததை வந்ததெண்டு சொன்னா அங்கயும் ஒரு பொய் ஆகிப்போகும்."

"அப்ப என்ன செய்யிறது?"

"வந்தாச் சொல்லுவன்."

அப்படியான அற்பப் பாவத்தைச் சுவாமியிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்று எனக்கும் தெரியும். அவர் ஞாயிறு தவறாமல் நன்மை வாங்கினார், நடுச்சாமச் சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தார். சட்டம் மூன்று மணித்தியாலமாகக் குறைந்தது, பிறகு ஒரு மணித்தியாலமாகக் குறைந்தது. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைகளின் வேலியும் எடுபட்டது. அதைக் காண மாமா இருக்கவில்லை. இவ்வளவும் மாறியும் நான் மச்சானிடம் கேட்பதை நிறுத்தவில்லை. முப்பத்தெட்டு வருடத்தில் ஐந்து முறை கேட்டேன். கடைசி முறை ஆஸ்பத்திரியில். மூக்கில் குழாய் இருந்தது. அவர் சிரிக்கப் பார்த்து, "இன்னும் வரேல்லை மச்சான்" என்றார்.

இரண்டு நாள் கழித்துச் சுவாமி அவருடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டு, சாகும் நேரத்து அவஸ்தைப்பூசுதல் கொடுக்க வந்தார். நாங்கள் வெளியே நின்றோம். உள்ளே பதினொரு நிமிடம். சுவாமி போன பிறகு தங்கையிடம் மெதுவாகக் கேட்டேன். "சொல்லியிருப்பாரோ?"

"எதை?"

"அந்தத் தண்ணிக் கதையை."

"சொல்லியிருக்கமாட்டார் அண்ணா" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் கவலை இல்லை. எனக்கும் அப்போது கவலை வரவில்லை என்பதை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். அதற்காக அன்றிரவு கவலைப்பட்டேன்.

மச்சானுடைய ஆத்துமத்துக்காக நான் தினமும் ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை சொல்கிறேன். முடிவில் அவருடைய பாவங்களைப் பொறுத்தருள வேண்டும் என்று ஒரு மன்றாட்டு வரும். அந்தப் பொய்யை அதில் சேர்ப்பதா, விடுவதா என்று ஒவ்வொரு நாளும் அந்த இடத்தில் நிற்கிறேன். இன்னும் முடிவாகவில்லை.